சிவப்புக் கோட்டுக்கு மேல்

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குக் கொண்டாப்பூரில் உள்ள அந்த அடுக்ககத்தில் மின்சாரம் நின்றது; சரியாக நான்கு மணிக்குத் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில், மூன்றாம் மாடி 304ஆம் எண் வீட்டின் கூடத்தில் இருந்த மீன்தொட்டியில் நீர் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியது. அதற்கு நேர் கீழே, மரத்தாங்கியின் கதவுகளுக்குப் பின்னால் இருந்த கீழ்த்தொட்டியில் ஐந்து சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். பத்து ஏறியிருந்தது.

சாருலதா இரண்டு முறை அளந்தாள். மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கையேடுகளில் பிழை திருத்துவது அவள் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்தாள். எஃகு அளவுகோல் பொய் சொல்லாது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மூன்றாம் முறை அளப்பதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் உறுமியது. கீழே இருந்த நீர் மேலே ஏறி, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிற்று.

அந்தத் தொட்டிகளை அமைத்தவன் அவள் கணவன் ஷ்யாம். மோட்டார் கீழ்த்தொட்டியின் நீரை மேலே ஏற்றும். மேலே நிரம்பி வழிவது குழாய் வழியாகக் கீழே இறங்கி, பஞ்சில் வடிந்து, மறுபடி மோட்டாருக்கு வரும். மின்சாரம் நின்றால் மோட்டார் நின்றுவிடும். மேலிருக்கும் நீர் மட்டும் ஏற்றுக்குழாய் வழியாகவே பின்னோக்கி இறங்கத் தொடங்கும். அதற்காகக் குழாயில் ஒரு சிறு துளை இட்டிருந்தான். நீர்மட்டம் துளையைத் தொட்டதும் காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும். அதுவரை இறங்கி வரும் நீருக்கென்று கீழ்த்தொட்டியில் எந்நேரமும் ஓர் இடம் காலியாகக் காத்திருக்க வேண்டும். பிப்ரவரியில் அந்த இடம் போதாமல் போய்த் தரை முழுவதும் வெள்ளமாகி, கீழ்வீட்டுக் கூரை வரை நனைந்தது. மார்ச்சில் ஷ்யாம் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாக அளந்து கட்டினான். கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் இரண்டு கோடுகள் போட்டான். மோட்டார் ஓடும்போது நீர் கறுப்புக் கோட்டில் நிற்கும். மின்வெட்டின்போது சிவப்புக் கோடு வரை ஏறும். சிவப்பைத் தாண்டாது. எந்த மின்வெட்டையும் தாங்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு அந்தத் தொட்டி இருந்தது. அவளுக்குத் தாரிணி இருந்தாள். எட்டாம் மாதத்திலேயே, ஒரு கிலோ எண்ணூறு கிராமில் பிறந்த குழந்தை. நாலரை வயதாகியும் தேறவில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பதினைந்து கிலோ ஆக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் காலையில், குழந்தை பால் குடிப்பதற்கு முன் எடை பார்த்து, சாருலதா ஒரு நோட்டில் எழுதினாள். ஐந்து வாரமாக ஒரே எண்: 13.5. ஏறவில்லை; இறங்கவும் இல்லை. இறங்காதவரை தன்னால் தூங்க முடியும் என்று அவள் தனக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தாள்.

ஷ்யாம் மாலை ஏழு மணிக்கு வந்தான். காலணியைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“சிவப்புக் கோட்டுக்கு மேல அஞ்சு சென்டிமீட்டர் ஏறிச்சு.”

“ஏறாது.”

“அளந்தேன்.”

“ஸ்கேலைத் தலைகீழா பிடிச்சிருப்ப. மேல எவ்ளோ இறங்குதோ, அதுக்கு ரெண்டு மடங்கு கீழ ஏறும். அதுக்கு மேல ஏற தண்ணி எங்கேர்ந்து வரும்? வானத்துலேர்ந்தா?”

“அதைத்தான் உங்களைக் கேக்கறேன்.”

“சாரு, நான் பத்து வருஷமா டெஸ்டிங்ல இருக்கேன். உன்னோட மேனுவல்ல கமா போடற மாதிரி இல்லை இது.”

மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினான். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். நீர் ஏறியது, சிவப்புக் கோட்டைத் தொட்டது, நின்றது. ஒரு மயிரிழை மேலே போகவில்லை.

“பாஸ்,” என்றான் ஷ்யாம். எழுந்து கை கழுவப் போனான்.

மறுநாள் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சாருலதா மடிக்கணினியை மூடிவிட்டு, மரத்தாங்கியின் கதவைத் திறந்து, அளவுகோலையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தரையில் அமர்ந்தாள். தாரிணி சோபாவில் படுத்து, சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டு, மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மணி மூன்று ஆனதும் வீட்டின் ஓசைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன: முதலில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல், பிறகு பக்கத்து வீட்டு ஏசியின் அதிர்வு, கடைசியாக மோட்டாரின் ஓசை, நின்ற பிறகுதான் அவ்வளவு நேரமும் ஒலித்துக்கொண்டிருந்தது என்று தெரிகிற அந்த மெல்லிய ஓசை. இன்வெர்ட்டர் ஒருமுறை கத்திவிட்டு விசிறியை மட்டும் சுழற்றியது. நாற்பத்தொரு டிகிரி வெயிலில் வெந்த திரைச்சீலைகளின் வாடையும், தாங்கியின் அறைக்குள்ளிருந்து பாசியும் மீன்தீனியும் கலந்த ஈர வாடையும் அவள் முகத்தில் அடித்தன. குழாயில் நீர் களகளவென்று பின்னோக்கி இறங்கியது. துளையில் காற்று உறிஞ்சப்பட்டு ஒரு சீழ்க்கை எழுந்தது. பிறகு அதுவும் அடங்கிற்று. நீர் சிவப்புக் கோட்டில் நின்றது.

எங்கிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை.

நீர் மறுபடி ஏறத் தொடங்கியது.

மெதுவாக, அலையில்லாமல் ஏறியது. நிறைந்த தொட்டிக்குள் ஒருவர் மிகுந்த கவனத்தோடு இறங்கி அமரும்போது ஏறுவதுபோல் ஏறியது. அவள் டார்ச்சை அடித்தாள். பஞ்சு தெரிந்தது. மோட்டார் தெரிந்தது. பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது. மற்றபடி தெளிந்த நீர். மேல்தொட்டியில் ஆறு மீன்களும் ஒரே மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றன.

எஃகு அளவுகோலைக் கீழ்த்தொட்டிக்குள் நேராக இறக்கினாள். அடிக்கண்ணாடியைத் தொட வேண்டிய முனை பாதியிலேயே நின்றது. அழுத்தினாள். தடை இருந்தது, ஆனால் கடினமாக இல்லை. கொஞ்சம் உள்வாங்கி, பிறகு திருப்பித் தள்ளியது. கண்ணுக்கு அங்கே நீரைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“சலேஸ்துந்தி அம்மா,” என்றாள் தாரிணி, சோபாவிலிருந்து. குளிர்கிறதாம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் குழந்தை அவள்.

சாருலதா அளவுகோலை உருவினாள். குழந்தை இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, “குத்தறே,” என்றாள். இந்தமுறை தமிழில்.

புதன்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர் சாம்பசிவம். அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர்; அவர் பேச்சில் பாதி ஊரின் உருது: ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘ஹவ்’ என்றால் ஆமாம்.

“ஏம்மா, நாளையிலேர்ந்து கரண்ட்டு ரெண்டு மணி நேரம் கட்டு. மூணுலேர்ந்து அஞ்சு. உங்க மீன்தொட்டி என்ன கதி?”

“ஒண்ணும் ஆகாது சார்.”

“போன தடவையும் உங்க வீட்டுக்காரர் அதேதான் சொன்னாரு. என் ஹால்ல மழை பெஞ்சுது. மீனு உங்களுக்கு, தண்ணி எங்களுக்கா? கைக்கு இந்த வம்பு? இன்னொரு தடவை நக்கோ. மீட்டிங்ல வெச்சு காலி பண்ண வெச்சிடுவேன், ஹவ்.” அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “ஆனா ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளா தலைக்கு மேல தடதடன்னு ஓட்டமே இல்லை. பொண்ணை நல்லா அடக்கி வெச்சிட்டீங்க. அச்சா.”

அவர் போனபின் சாருலதா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். தாரிணி கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். வெறுங்கால். பளிங்குத் தரை. சிரிப்புச் சத்தம் கேட்டது.

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

ஞாயிறு வரை காத்திருக்க அவளால் முடிந்தது என்பதே பின்னாளில் அவளுக்கு வியப்பாக இருந்தது. முறை என்று ஒன்று வைத்தால் அதை மீறக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். தவிர, ஞாயிறு வரும்வரை அந்த எண் 13.5 ஆகவே இருக்கலாம் அல்லவா? பதினைந்தாம் தேதி காலை ஆறரை மணிக்குத் தாரிணி எடைக்கருவியில் ஏறி நின்றாள்.

11.2.

சாருலதா கருவியைத் துடைத்து, வேறிடத்தில் வைத்து, மறுபடி ஏற்றினாள். 11.2. குழந்தை இளைக்கவில்லை. கன்னம் அதே கன்னம். வளையல் அதே இடத்தில் இறுக்கமாக நின்றது. உருவம் குறையாமல் கனம் மட்டும் குறைந்திருந்தது.

அவள் நேராகத் தாங்கியின் கதவைத் திறந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நீர் கறுப்புக் கோட்டில் இருக்க வேண்டும். கோட்டுக்கு மேல் எட்டரை மில்லிமீட்டரில் நின்றது. கீழ்த்தொட்டியின் நீளம் எழுபத்தைந்து சென்டிமீட்டர், அகலம் முப்பத்தாறு. நோட்டின் ஓரத்திலேயே பெருக்கினாள். இரண்டு லிட்டர் முந்நூறு மில்லிக்கு ஐந்து மில்லி குறைவு. பதிமூன்றரையிலிருந்து பதினொன்று புள்ளி இரண்டைக் கழிப்பதற்கு அவளுக்கு நோட்டு தேவைப்படவில்லை.

ஷ்யாமை எழுப்பினாள்.

“சிவப்புக் கோட்டை எதை வெச்சுப் போட்டீங்க?”

அவன் கண்ணைத் திறந்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“துளையை எங்க போடறதுன்னா, கீழ எவ்ளோ இடம் ஒதுக்கறோம்னு கரெக்டா தெரியணும். நம்ம வாளியில அளவு கிடையாது. நீ அன்னைக்கு ஆபீஸ் மீட்டிங் போயிருந்த. தாரிணி வெயிட் நூறு கிராம் சுத்தமா உன் நோட்டுல இருந்துச்சு.”

“அதனால?”

“கீழ்த்தொட்டித் தண்ணிக்குள்ள அவளை உக்கார வெச்சேன். உடம்பும் தண்ணியும் கிட்டத்தட்ட ஒரே கனம். எவ்ளோ ஏறுதோ அதுதான் பதிமூணரை லிட்டர். சிம்பிள்.”

“தலை வெளிய இருந்தா அளவு குறையுமே.”

அவன் போர்வையைப் பார்த்தான்.

“உங்களைத்தான் கேட்டேன்.”

“முக்கினேன். பத்து எண்ற வரைக்கும்தான். விளையாட்டுன்னு சொல்லித்தான். சிரிச்சுக்கிட்டேதான் எழுந்தா சாரு.”

“கோடு போட்டது எந்தக் கையால?”

“என்ன கேள்வி இது?”

“ஒரு கையால அவளை அமுக்கி, இன்னொரு கையால போட்டிருக்கீங்க. நேராத்தான் இருக்கு. கை நடுங்கவே இல்லை.”

அவன் எழுந்தான். அவனுக்கு வந்தது கோபம். கோபம் வந்தால் எதையாவது செய்து காட்டுவது அவன் வழக்கம். “சரி, இந்தச் சனியனை இப்பவே காலி பண்றேன், போதுமா?” என்று குளியலறைக் குவளையை எடுத்துவந்து கதவின் முன் மண்டியிட்டான். மோட்டாரை நிறுத்தினான். சோபாவில் தாரிணி கட்டைகளைத் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தாள். “ஒகட்டி. ரெண்டு. மூடு. நா—”

ஷ்யாம் குவளையை முக்கி எடுத்திருந்தான்.

குழந்தையின் வாய் திறந்தபடி நின்றது. கை கட்டைக்கு மேல் நின்றது. இமை இறங்கவில்லை. மார்பு ஏறவில்லை. சாருலதா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். துணி பொம்மையைப் போல் மொத்தமும் ஆடியது.

“ஊத்துங்க. திருப்பி ஊத்துங்க!”

அவன் திகைத்துத் திரும்பியதில் குவளை தாங்கியின் விளிம்பில் இடித்து, கையளவு நீர் தரையில் சிந்தியது. மிச்சத்தைக் கொட்டினான்.

“—லுகு,” என்றாள் தாரிணி. “ஐது. ஆறு.”

தரையில் சிந்திய நீர் ஏப்ரல் வெயிலில் அவர்கள் கண்ணெதிரே ஓரத்திலிருந்து உலர்ந்தது. துணியால் ஒற்றி எடுத்துப் பிழிந்தார்கள். ஏதோ நாலைந்து சொட்டு தேறியது. அதன்பிறகு சாருலதா குழந்தையை உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தாள். இடது கைச் சுண்டுவிரலில் நகம் இல்லை. காயம் இல்லை, இரத்தம் இல்லை. நகம் இருந்த சுவடே இல்லாமல் தோல் வழவழவென்று மூடியிருந்தது.

மாலையில் அவள் ஒரு பையில் துணிகளைத் திணித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினாள். திருச்சியில் அம்மா வீடு. எட்டு மணிக்கு ஒரு பேருந்து. இரண்டாம் மாடித் திருப்பத்தில், சாம்பசிவத்தின் வாசலுக்கு நேரே, தோளில் படிந்திருந்த குழந்தையின் மூச்சு நின்றது. இரண்டு படி மேலே ஏறினாள். மூச்சு வந்தது. ஒரு படி இறங்கினாள். நின்றது. உள்ளே யாரோ தொலைக்காட்சி பார்த்துச் சிரித்தார்கள். அவள் திரும்பி மேலே வந்தாள்.

ஷ்யாம் அந்த நேரத்தில் கடைக்குப் போய் இன்னொரு இன்வெர்ட்டரும் இரண்டு மின்கலங்களும் வாங்கி வந்திருந்தான். மோட்டார் நிற்காமல் ஓடினால் நீர் இறங்காது; நீர் இறங்காவிட்டால் எதுவும் நடக்காது என்பது அவன் கணக்கு. இரவுக்குள் இணைத்து முடித்தான். சோதித்தும் பார்த்தான். பாஸ் என்று மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இருவரும் வேலைக்கு விடுப்பு எடுத்தார்கள். மூன்று மணிக்குச் சாருலதா தொட்டிக்கு எதிரே, குழந்தையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அமர்ந்தாள். மின்சாரம் நின்றது. வீடு அடங்கியது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேல்தொட்டியின் நீர்மட்டம் அசையவில்லை. துளை சீழ்க்கை அடிக்கவில்லை. ஷ்யாம் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் பழைய வெற்றி திரும்பப் போகிற நேரம்.

கீழே நீர் ஏறியது.

ஒரு சொட்டும் விழாமல் ஏறியது. எட்டரை மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர். மூன்று. சாருலதாவின் தொடைகள் முதலில் அதை உணர்ந்தன. மடியில் இருந்த கனம் விலகியது. தூக்கத்தில் யாரோ போர்வையை உருவுவதுபோல். அவள் இறுக்கிப் பிடித்தாள். இறுக்க இறுக்கப் பிடிப்புக்குள் ஒன்றும் இல்லை. சட்டை இருந்தது. எலும்பு இருந்தது. சூடு இருந்தது. கனம் இல்லை. நான்கு. கொடியிலிருந்து எடுத்த துணி. நாலரை.

ஐந்து.

“சலி போயிந்தி,” என்றாள் தாரிணி. குளிர் விட்டுவிட்டதாம். மடியிலிருந்து இறங்கினாள். அம்மாவின் தொடையில் அழுந்தாமல் இறங்கினாள்.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றன. கூடத்தின் நடுவில் நின்றிருந்த குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்து, பாதம் தரையை விட்டு விலகி, திரைச்சீலை வரை போய் நின்றாள். பெரிய விளையாட்டு என்று எண்ணிக் கைகொட்டிச் சிரித்தாள். கையொலி எழவில்லை. ஷ்யாம் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். கீழ்த்தொட்டியில் நீர் இறங்கவில்லை. எடைக்கருவியின் மேல் தாரிணி நேராக நின்றாள். கருவி விழித்துக்கொள்ளவே இல்லை, திரை கறுப்பாகவே இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு, குரலை உயர்த்தாமல், இருவரும் பேசி முடிவு செய்தார்கள். மோட்டாரின் விசிறிக்குள் அந்த நீரை இனி இழுக்கக் கூடாது. ஆகவே மோட்டார் நிரந்தரமாக நிறுத்தப்பட்டு, ஏற்றுக்குழாய் அறுத்து அடைக்கப்படும், மீன்கள் கேட்பவர்களுக்குக் கொடுக்கப்படும். கீழ்த்தொட்டியை எக்காரணத்தைக் கொண்டும் வடிப்பதில்லை. வெயிலில் நீர் ஆவியாகாதபடி மேலே கண்ணாடி மூடி பொருத்தி, ஓரங்களை ஈரத்துணியால் அடைக்க வேண்டும். வீட்டில் விசிறி போடுவதில்லை, சன்னல் திறப்பதில்லை. இந்த வீட்டை விட்டு யாரும் குடிபெயர்வதில்லை. பள்ளிக்கும் மருத்துவருக்கும் என்ன சொல்வது என்பதை ஷ்யாம் பார்த்துக்கொள்வான்.

கடைசி முடிவு சாருலதாவுடையது. ஷ்யாம் அதை மறுக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால், மூடியை ஒருபக்கம் நகர்த்தி, தோள்வரை இரண்டு கைகளையும் நீருக்குள் விட்டு, அங்கே இருக்கிறதை அணைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒருமுறை, பத்து நிமிடம். பிறகு கைகளைத் துணியால் துடைக்கக் கூடாது. விரல் நுனியிலிருந்து கடைசிச் சொட்டு உள்ளே விழும்வரை தொட்டியின் மேலேயே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.